வீடுகளைக் காதலித்தவர்

தன் கட்டடங்களுக்கெல்லாம் பெண் பெயர் சூட்டி, ஜன்னலோரம் உட்கார்ந்து பைனாகுலரில் அவற்றைக் கொஞ்சுகிறார் ஒரு கிழவர். 1941க்குப் பிறகு வாசற்படி தாண்டவில்லை. ஆட்சி மாறி அந்த வீடுகள் அரசுடைமையானதை அவரிடம் யாரும் சொல்லவுமில்லை. 1968 ஜூனில் ஒருநாள் தெருவில் இறங்குகிறார். எதிரே மாணவர் கிளர்ச்சி!

இந்தக் கிழவரின் கதைதான் 'ஹவுசஸ் ஆஃப் பெல்கிரேட்' நாவல். இரண்டு நாளாக என்னை விடவில்லை. எழுதிய செர்பியர் போரிஸ்லாவ் பெக்கிச்சும் அடைபட்டுக் கிடந்தவர்தான். 1948இல் கைது, 15 ஆண்டுத் தண்டனை. மன்னிப்பு கிடைத்து 1953இல் வெளியே வந்தார். அப்புறம் திரைக்கதைகள். ஒன்று 1961இல் கான் திரைப்பட விழாவுக்கே போனது. 1971இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார், அங்கேயே 1992இல் இறந்தார்.

எனக்கென்னவோ அந்தக் கிழவர்மேல் கோபமே வரவில்லை. வாடகை வீட்டில் குடியிருப்பவன் நான், வந்திருக்க வேண்டும்!