கட்டிலுக்கடியில் ஒரு தொட்டி

இங்கிலாந்தில் நாங்கள் குடியிருக்கும் படகில் வாடை இல்லை என்பது என் வீட்டுக்காரர் வெகுநாளாகக் கட்டிக்காத்து வந்த கொள்கை. ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து நேரே வந்த அத்தை, அதாவது இவருடைய அம்மா, ஒரு காலைப் படகின் முன்தளத்தில் வைத்து, மறுகாலைக் கரையிலிருந்து எடுப்பதற்கு முன்பே அந்தக் கொள்கையைத் தகர்த்துவிட்டார். "சாக்கடை எங்கியோ ஒடஞ்சு போச்சாட்ட இருக்குதே சாமி" என்று அவர் கேட்டார். இவர் சற்றும் தயங்காமல் கால்வாயைக் கை காட்டினார். கிராண்ட் யூனியன் கால்வாய் எழுந்து வந்து மறுத்துப் பேசப் போவதில்லை என்ற துணிச்சல்தான்.

அத்தையின் மூக்கைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? கல்யாண மண்டபத்தின் வாசலில் சந்தனம் பூசிக்கொள்ளும்போதே, பின்கட்டில் பருப்பு அடிபிடித்திருப்பதைச் சொல்லிவிடுபவர் அவர். ஆனைமலையில் மழை பெய்தால் பொள்ளாச்சியில் மண்வாசனை பிடிப்பவர் என்று மாமா உயிரோடு இருந்தபோது சொல்வார். அதில் பாதி உண்மை. அப்படிப்பட்ட மூக்கிடம் போய், "அது வாத்துகளம்மா" என்று சொன்னால் எடுபடுமா?

இதில் இவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை, அந்த வாயுவின் குணமே அப்படி. கழிவு காற்றில்லாமல் அழுகும்போது, கெட்ட முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. அதைத் தொடர்ந்து முகர்ந்துகொண்டே இருந்தால், மூக்கு சீக்கிரமே அலுத்துப்போய், அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளாமல் விட்டுவிடும். எனவே படகிலேயே குடியிருப்பவர்கள் தங்கள் படகு மணக்கிறது என்று சொல்லும் சாட்சியத்துக்கு எந்த மதிப்பும் கிடையாது. வெளியூரிலிருந்து ஒருவர் வந்து ஏறினால்தான் உண்மை தெரியும். கடந்த சில மாதங்களாக எங்கள் படகுக்கு வந்த நண்பர்கள் எல்லோரும் குளிரையும் பொருட்படுத்தாமல் வெளியே உட்கார்ந்துகொண்டே தேநீர் குடித்ததற்கு, கால்வாயின் அழகு காரணமில்லை என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

நிலைமையை மோசமாக்கியது எங்கள் விருந்தோம்பல். ஏழடிக்கும் குறைவான அகலமுள்ள குறும்படகில் விருந்தினருக்கென்று தனி அறை ஏது? பெரியவர் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று எங்கள் கட்டிலையே கொடுத்தோம். இந்த ஊர்க் குறும்படகுகள் பலவற்றில் கழிவுத் தொட்டியைக் கட்டிலுக்கு அடியில்தான் அமைப்பார்கள்; எங்களுடையதும் அங்கேதான் இருக்கிறது. மெத்தை, அதன் கீழே பலகை, அதன் கீழே இரும்புத் தொட்டி. கால்வாய்ச் சட்டப்படி, பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் நேராகக் கால்வாயில் விழலாம்; கழிவறையிலிருந்து ஒரு சொட்டும் விழக்கூடாது. எல்லாவற்றையும் தொட்டியில் சேர்த்து வைத்து, படகுத்துறைக்கு ஓட்டிச் சென்று, 20 பவுண்டுக்கு மேல் கொடுத்து உறிஞ்சி எடுக்கச் சொல்ல வேண்டும். உறிஞ்சும் குழாயில் ஓரிடத்தில் கண்ணாடி பதித்திருக்கும். தொட்டி காலியாகிவிட்டதா என்று அதன் வழியே பார்த்துத் தெரிந்துகொள்வதற்காம். இவர் ஒவ்வொரு முறையும் அதன் முன்னால் நின்று, கொடுத்த காசுக்குக் கடைசித் துளிவரை போகிறதா என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் இரவு கழிந்ததும் விசாரணை தொடங்கியது. முதல் சந்தேகம் வழக்கம்போல என் பெருங்காயத்தின் மேல் விழுந்தது. பிறகு அத்தை கொண்டுவந்திருந்த கருவாட்டின் மேல், அடித்தளத்தில் தேங்கிய நீரின் மேல், டீசலின் மேல், பக்கத்துப் படகின் நாயின் மேல். கடைசியில் இவர் கழிவுத் தொட்டிக்கென்றே விற்கும் நீலத் திரவத்தை எடுத்துத் தொட்டிக்குள் தாராளமாக ஊற்றினார். ஃபார்மால்டிஹைடு கலந்த இந்தத் திரவங்கள், நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகளோடு கழிவைச் செரித்துத் தீர்க்கும் கிருமிகளையும் சேர்த்தே கொன்று, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு செயற்கை மணத்தைப் பூசிவிடுகின்றன. "இப்ப சாக்கடைக்கு செண்டு போட்டு உட்ட மாதிரி இருக்குது" என்றார் அத்தை.

பக்கத்துப் படகில் இருக்கும் ஆங்கிலேயத் தாத்தா தலையிட்டது அப்போதுதான். படகுக்காரர்களிடம் அரசியல் பேசலாம், மதம் பேசலாம், கழிவறையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. கழிவுப் பெட்டியைத் தாமே தூக்கிப்போய்க் கொட்டும் பெட்டிக் கழிவறைக்காரர்களும், எங்களைப் போன்ற உறிஞ்சு தொட்டிக்காரர்களும், தண்ணீரே ஊற்றாத உலர் கழிவறைக்காரர்களும் அந்தக் காலத்துச் சைவ வைணவச் சண்டையைத் தோற்கடிக்கும் அளவுக்கு மோதிக்கொள்வார்கள். தாத்தா உலர் கழிவறைக்கு மாறியவர். மாறியவர்களுக்கே உரிய வேகம் அவரிடம் உண்டு. இருந்தாலும் அன்று பிரசாரத்தைத் தள்ளிவைத்துவிட்டு, குழாய்களைச் சோதிக்கும் வழியைச் சொல்லிக்கொடுத்தார். கழிவு ஓடும் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் நாற்றத்தை உள்வாங்கி, கசிவே இல்லாமல் தம் சுவர் வழியாகவே அதை வெளியே விடத் தொடங்குமாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் குழாயைச் சுற்றிக் கட்ட வேண்டும். துணி ஆறியதும் எடுத்து முகர வேண்டும். துணியில் வாடை ஏறியிருந்தால் குழாயை மாற்ற வேண்டும்.

எங்கள் மூக்குகள் தகுதியிழந்துவிட்டதால், நடுவர் பொறுப்பு அத்தையிடம் சேர்ந்தது. இவர் கட்டிலின் பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே தவழ்ந்து, குழாயின் வளைவுக்கு ஒன்றாகத் துணி கட்டினார். ஆறிய துணிகளை நான் ஒரு தட்டில் வரிசையாக அடுக்கி எடுத்துச் சென்றேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோய், "இது இல்ல... இதும் இல்ல..." என்று ஒதுக்கிக்கொண்டே வந்தார். தொட்டிக்குள் நுழையுமிடத்தில், கழிவு எப்போதும் தேங்கி நிற்கும் தாழ்ந்த வளைவில் கட்டியிருந்த துணி வந்ததும், முகத்தைத் திருப்பிக்கொண்டு அதைத் தட்டோடு தள்ளிவிட்டார். தீர்ப்பு அவ்வளவுதான்.

குழாயை மாற்றினோம். வாடை பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிக்குக் காரணம் காற்றுக்குழாய். தொட்டிக்குள் காற்று நன்றாகப் போய்வந்தால், காற்றில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவைச் செரித்து, பெரும்பாலும் வாடையற்ற கரியமில வாயுவை வெளிவிடும். காற்று நின்றால், காற்றில்லாமல் வாழ்ந்து நாற்றத்தைக் கிளப்பும் மற்றக் கூட்டம் ஆட்சிக்கு வந்துவிடும். அதனால்தான் அந்தக் குழாய் அகலமாகவும், குட்டையாகவும், வளைவு இல்லாமலும் இருக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் படகுக்குப் போன ஆண்டு வண்ணம் அடித்துக் கொடுத்த புண்ணியவான், படகின் பக்கவாட்டில் இருந்த காற்றுக்குழாயின் சல்லடையின் மேலும் சேர்த்தே பச்சை வண்ணத்தை இரண்டு பூச்சு அடித்துவிட்டுப் போயிருந்தார். கூலியையும் அதற்கும் சேர்த்துத்தான் வாங்கியிருப்பார். தொட்டியைக் காலி செய்ய உறிஞ்சியபோதெல்லாம், உள்ளே காற்றுப் போக வழியில்லாமல் அந்த இரும்பு முனகியிருக்கிறது; பிளாஸ்டிக் தொட்டியாக இருந்திருந்தால் நசுங்கியே போயிருக்கும்.

இவர் ஒரு கம்பியால் அந்தப் பச்சைத் தோலைக் குத்திக் கிழித்தார். பல மாதங்களாக அடைபட்டிருந்தது ஒரு பெருமூச்சாக வெளியே வந்தது. கரையோர மதுக்கடையின் வெளிமேசைகளில் உண்டுகொண்டிருந்தவர்கள், ஆங்கிலேயருக்கே உரிய நாகரிகத்தோடு ஒன்றும் பேசாமல், தட்டுகளை ஏந்திக்கொண்டு ஒருவர்பின் ஒருவராக உள்ளே எழுந்து போனார்கள். தாத்தா தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

அன்று மாலைதான் எனக்கு இன்னொன்று கண்ணில் பட்டது. அத்தைக்கு வைத்த செம்புத் தண்ணீர் காலையில் வைத்த அளவிலேயே இருந்தது; முந்தின நாள்களிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. கேட்டால், "தொட்டி முக்காவாசி நெம்பீருச்சுன்னு தம்பி சொன்னானே கண்ணு. நான் வேற எதுக்கு அதுல சேத்தி உடோணும்?" என்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை போடும் மனுஷி, மகனுக்கு 20 பவுண்டு மிச்சமாகட்டும் என்று தாகத்தை அடக்கிக்கொண்டு, அந்தத் தொட்டியின் மேலேயே படுத்துக் கிடந்திருக்கிறார். இவர் எழுந்து போய், படகின் பின்தளத்தில் வெகுநேரம் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாகப் படகைத் துறைக்கு ஓட்டித் தொட்டியைக் காலி செய்தார். அன்று அந்த உறிஞ்சு குழாயின் கண்ணாடிப் பக்கம்கூடத் திரும்பவில்லை.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் வெற்றிக் களிப்பில் தாத்தா தம் உலர் கழிவறையைக் காட்டுவதற்கு அத்தையை அழைத்துச் சென்றார். சிறுநீர் தனியாகப் பிரிந்துவிடும். மற்றது ஈரத்தை உறிஞ்சும் துகளில் விழும். சின்ன மின்விசிறி ஒன்று காற்றை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். உண்மையிலேயே வாடை இல்லை, அத்தையே ஒப்புக்கொண்டார். நிறைந்த பைகளைக் கால்வாயோரக் குப்பைத் தொட்டிகளில் போட இப்போது அனுமதியில்லாததால், அவற்றை எங்கே மக்க வைப்பது என்பதுதான் தாத்தாவின் தீராத தலைவலி. அத்தையோ அதையெல்லாம் காதில் வாங்காமல், அந்தத் துகளை ஒரு சிட்டிகை எடுத்து விரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்து, "இது நம்மூரு தேங்கா மஞ்சித்தூளுங்கோ" என்று தமிழிலேயே அவரிடம் அறிவித்தார். மூலையில் இருந்த உறையைத் திருப்பிப் பார்த்தேன்: 5 கிலோ தென்னைநார்த் துகள் கட்டி, இந்தியத் தயாரிப்பு.

அங்கே பின்னிரவு என்பதையும் பாராமல், அத்தை பொள்ளாச்சியில் நார் மில் வைத்திருக்கும் தம் அண்ணனைத் தொலைபேசியில் எழுப்பினார். தூத்துக்குடியில் கப்பலேற்றும் கட்டிகள் இந்த ஊரில் எதற்குப் பயன்படுகின்றன என்று தெரியுமா என்று கேட்டார். "தக்காளிச் செடிக்குன்னுதானே சொன்னாங்க" என்றார் பெரிய மாமா, தூக்கம் கலையாத குரலில். அத்தை விளக்கிச் சொன்னார். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, இங்கே ஒரு கட்டி என்ன விலைக்குப் போகிறது என்ற கேள்வி வந்தது. சொன்னோம். அந்த நாட்டில் படகுகள் எத்தனை இருக்கும் என்ற அடுத்த கேள்வி வந்தபோது பெரிய மாமாவின் குரலில் தூக்கமே இல்லை. இங்கே கால்வாய்களைப் பராமரிக்கும் கால்வாய் அறக்கட்டளையின் நீர்வழிகளில் மட்டும் 30,000-க்கும் மேல் இருக்கும் என்று இவர் சொல்லித் தொலைத்தார்.

இப்போது அத்தை தினமும் காலையில் நடைப்பயிற்சி என்று கிளம்பி, கரையோரம் கட்டிக்கிடக்கும் படகுகளின் கழிவறை எந்த வகை என்று தாத்தாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு விசாரித்து வருகிறார். நாமும் உலர் கழிவறைக்கு மாறிவிட்டால் துகள் மொத்த விலைக்குக் கிடைக்கும் என்று இவர் சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் கணக்குப் போடுகிறார். போன வாரம்தான் மாற்றிய புதுக் குழாய்க்குக் கொடுத்த காசு எந்தக் கணக்கில் சேரும் என்று கேட்டால் மட்டும், அம்மாவுக்கும் மகனுக்கும் ஒரே நேரத்தில் காது கேட்பதில்லை.