முதல் மீன்

பெரியம்மாவுக்கு நாகப்பட்டினம் கோயில் ஊர் இல்லை, கப்பல் ஊர். அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, பினாங்குக்குக் கப்பலேறியது இங்கிருந்துதான். ரஜூலா கப்பல். அந்தப் பெயரைச் சொந்தக்காரப் பெண்ணின் பெயர் மாதிரி வீட்டில் சொல்லிக் கேட்டே வளர்ந்தவன் நான். "அப்பா கப்பலேறின ஊர ஒரு தடவ பாத்துடணும்டா" என்று பெரியம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். முழங்கால் வலி, பேரன் பரீட்சை, மழை என்று தள்ளிக்கொண்டே போனது. இந்த முறை ஆவணி ஆயில்யத்தன்று மீனவரான அதிபத்த நாயனாருக்குத் தங்கமீன் விடும் விழா என்று தெரிந்ததும், சரி, இதை விட்டால் நடக்காது என்று முதல் நாளே கிளம்பிவிட்டோம்.

தஞ்சாவூரில் காரைக்கால் பாசஞ்சரைப் பிடித்தோம். தென்னிந்தியாவின் பழைய ரயில் பாதைகளில் ஒன்று இது. 1861லேயே நாகைப் பக்கமிருந்து தஞ்சைக்கு ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. துறைமுகம் இருந்ததால்தான் அவ்வளவு சீக்கிரம் வந்தது. இப்போது அதே பாதையில் வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று மூச்சு வாங்கிப் போகிறது. பெரியம்மா புளியோதரைப் பொட்டலத்தைத் திருவாரூர் தாண்டும்வரை பிரிக்கவே விடவில்லை. "தியாகராஜா, அடுத்த தடவ வர்றேன்" என்று ஜன்னல் வழியாகவே ஒரு கும்பிடு போட்ட பிறகுதான் சாப்பாடு.

சிக்கலில் இறங்கினோம். கோச்செங்கட்சோழன் கட்டியதாகச் சொல்லப்படும் மாடக்கோயில், படியேறித்தான் போக வேண்டும். பெரியம்மா ஒவ்வொரு படிக்கும் "முருகா" என்றார். பக்தியா வலியா என்று பிரிக்க முடியாத குரல். வசிஷ்டர் வெண்ணெயில் பிடித்த லிங்கம் பெயர்க்க வராமல் சிக்கிக்கொண்டதால் ஊர் சிக்கல் ஆனது என்பது தலபுராணம். கூட்டம் வருவதென்னவோ சிங்காரவேலருக்காகத்தான். ஐப்பசி சஷ்டியில் அம்மனிடம் வேல் வாங்கும்போது இவர் முகத்தில் வியர்வை துளிர்க்கும், அர்ச்சகர் பட்டுத் துணியால் ஒற்றி எடுப்பார் என்பார்கள். நாங்கள் போனது ஆவணி. வியர்த்தது எங்களுக்குத்தான்.

அங்கிருந்து நாகை ஐந்து கிலோமீட்டர்தான். வழி முழுக்கக் காவி உடுத்தியவர்கள் கூட்டம் கூட்டமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். தோளில் பை, காலில் கட்டு, சிலர் தள்ளுவண்டியில் மாதா படத்தை வைத்து இழுத்துக்கொண்டு. ஆகஸ்ட் 29ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடியேறிவிட்டால் செப்டம்பர் 8 வரை இந்தச் சாலை இப்படித்தான். பெரியம்மா அவர்களைப் பழனி பாதயாத்திரைக்காரர்கள் என்றே நினைத்துவிட்டார். உண்மையைச் சொன்னதும், "காவி கட்டிக் கால் தேய நடந்தா எல்லாம் ஒண்ணுதான், அந்தப் புள்ளைக்குத் தண்ணி பாட்டில் குடு" என்றார்.

தங்கின விடுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். குழாயைத் திறந்தால் காற்று வந்தது. மேனேஜர் தம்பி "மோட்டார் போட்டாச்சு சார்" என்று மூன்று தடவை சொன்னார், கடைசியில் ஒரு வாளி வந்தது.

சாயங்காலம் காயாரோகணேஸ்வரர் கோயில். தேவாரம் இதைக் கடல்நாகைக் காரோணம் என்கிறது. காயம் என்றால் உடல். புண்டரீக முனிவரை உடம்போடு தன்னுள் ஏற்றுக்கொண்டதால் சுவாமிக்கு இந்தப் பெயர். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். எனக்கு அவற்றில் சுந்தரர் பதிகத்தின் மேல் தனிப் பிரியம் உண்டு. மற்ற ஊர்களில் பொன்னும் நெல்லும் கேட்டவர் இங்கே வந்ததும் பட்டியலை நீட்டிவிட்டார். கஸ்தூரி வேண்டும், சாந்து வேண்டும், உடைவாள் வேண்டும், காற்று மாதிரி ஓடும் குதிரை வேண்டும். சின்ன வயதில் இதைப் படித்தபோது, இதென்ன இப்படிக் கேட்கிறார் என்று இருந்தது. துறைமுகத்து ஊர் என்று நினைத்துப் பார்த்தால் புரிகிறது. சரக்கு வந்து இறங்குகிற ஊரில், முதலாளியிடம் உரிமையோடு கேட்கிற தோழர் அவர். மரக்கலம் வரும் ஊர்க் கடவுளுக்கு மட்டும் என்ன குறை, கொடுத்தால் என்ன என்ற தொனி!

தியாகராஜர் ஆடும் ஏழு விடங்கத் தலங்களில் இதுவும் ஒன்று. இங்கே அவர் பெயர் சுந்தரவிடங்கர். திருவாரூரில் மூச்சுக் காற்றைப் போல ஆடுகிறவர், இங்கே ஆடுவது பாராவாரதரங்க நடனம், கடல் அலை எழுந்து விழுவது போல. கடல் பக்கத்திலேயே இருக்கிற ஊரில் வேறு எந்த ஆட்டம் பொருந்தும்?

நீலாயதாட்சி சன்னதியில்தான் நேரம் போனதே தெரியவில்லை. தேவாரம் கருந்தடங்கண்ணி என்று சொல்லும் அம்மன். நீண்ட நீலக் கண்கள். விளக்கொளியில் முகத்தைப் பார்க்கப் போனால் பார்வை கண்ணிலேயே நின்றுவிடுகிறது. எதிரே நந்தி தலையை லேசாகத் திருப்பியபடி உட்கார்ந்திருக்கிறது. ஒரு கண் அம்பாளையும் மறு கண் சுவாமியையும் பார்க்கிறதாம். "ரெண்டு பேரையும் கவனிக்கணும்ல, வீட்டு மாப்பிள்ளை மாதிரி" என்று பெரியம்மா சொல்ல, குருக்களே சிரித்துவிட்டார்.

மறுநாள் காலையில் சௌந்தரராஜப் பெருமாளைச் சேவித்தோம். பெயருக்கேற்ற அழகு. திருமங்கையாழ்வார் வாயடைத்துப் போய்ப் பாடிய ஊர். அதே ஆழ்வாரைப் பற்றி இன்னொரு கதையும் நாகையில் உண்டு. இங்கிருந்த பொன் புத்தரைக் கொண்டுபோய்த்தான் ஸ்ரீரங்கத்துத் திருப்பணி செய்தார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்லும். கதை எப்படியோ, புத்தர் கோயில் இருந்தது நிஜம். ஸ்ரீவிஜய அரசர் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதி வைத்தான். பிற்காலத்தில் மிஞ்சியிருந்த பழைய செங்கல் கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டார்கள். மண்ணைத் தோண்டியபோது கிடைத்த வெண்கலப் புத்தர்களைச் சென்னை எழும்பூர் மியூசியத்தில் பார்க்கலாம். பார்த்தவர்களுக்குத் தெரியும், உச்சியில் தீச்சுடர் மாதிரி ஒன்று இருக்கும்.

நாகூருக்கும் போனோம். ஷாகுல் ஹமீது ஆண்டவர் தர்காவில் ஐந்து மனோராக்கள், அதாவது உயரமான கோபுரங்கள். அதில் உயரமானது 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது. ஓட்டை விழுந்து மூழ்க இருந்த கப்பலை ஆண்டவர் தன் கையிலிருந்த கண்ணாடியை எறிந்து அடைத்தார் என்பது இங்கே சொல்லப்படும் கதை. புயலில் மாட்டிக்கொண்ட போர்த்துக்கீசிய மாலுமிகளைக் கரை சேர்த்தாள் என்பது வேளாங்கண்ணி மாதாவின் கதை. இந்தக் கரையில் எந்தச் சாமியானாலும் முதல் வேலை கடலில்தான். தர்காவில் மயிலிறகால் தலையில் தடவிவிட்டபோது பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். என்ன என்று கேட்கவில்லை.

திரும்பும் வழியில் ஆட்டோக்காரரிடம் துறைமுகம் போகச் சொன்னோம். கடுவையாற்று முகத்துவாரம். வரிசை வரிசையாக மீன்பிடி விசைப்படகுகள், ஐஸ் உடைக்கும் சத்தம், டீசல் வாசனை. 2023 அக்டோபரில் இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டபோது, தாத்தா காலம் திரும்பி வந்துவிட்டது என்று வீட்டில் பேசிக்கொண்டோம். பெரியம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "இங்கேருந்து எப்படிடா அவ்வளவு பெரிய கப்பல்ல ஏறினாங்க?" பெரிய கப்பல் தூரத்தில் நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும் என்றேன். "அப்ப அவரு கரையிலேருந்து முதல்ல போனது மீன்காரங்க படகு மாதிரி ஒண்ணுலதான்" என்றார். நான் யோசித்திராத விஷயம்.

பிற்பகலில் புதிய கடற்கரை. கடலைப் பார்க்கும்போது 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வராமல் இருக்காது. இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அதே மணலில்தான் பந்தல், மேளம், பஞ்சுமிட்டாய். நம்பியார் நகர் மீனவர்கள் சீர்வரிசைத் தட்டுகளோடு வந்தார்கள். அதிபத்தர் அவர்கள் வீட்டுப் பிள்ளை. நுளைப்பாடி என்று பெரியபுராணம் சொல்லும் குப்பம் அதுதான் என்கிறார்கள். சுவாமியும் அம்பாளும் எழுந்தருளினதும் கூட்டம் கரையோரம் நெருக்கியது. நாயனார் படகேறினார்.

கதை தெரிந்ததுதான். பிடிக்கிற மீனில் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விடுகிறவர் அதிபத்தர். ஒரு கட்டத்தில் நாளுக்கு ஒரு மீன்தான் கிடைக்கிறது. அதையும் விடுகிறார். குடும்பம் பட்டினி. ஒருநாள் அந்த ஒரு மீனும் மணி பதித்த பொன் மீனாக வருகிறது. அதையும் விடுகிறார். ரிஷபத்தில் சுவாமி வருகிறார்.

படகு அலையைத் தாண்டியது. தங்கமீனைத் தூக்கிக் காட்டியபோது நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஒரு மினுக்கல்தான் தெரிந்தது, அவ்வளவுதான். உடனே தண்ணீர். கரை முழுக்க "நமச்சிவாய" என்று ஒரே குரல். பெரியம்மா அழுதுகொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் கைலியும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு பெரியவர். உள்ளங்கையில் கயிறு அறுத்த பழைய தழும்பு. குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து கோடு, ரேகையையே மறைத்திருந்தது. யாரோ ஒரு பையன் "அது நிஜத் தங்கமா தாத்தா?" என்று கேட்க, அவர் அவனைப் பார்த்துச் சொல்லாமல் பொதுவாகச் சொன்னார்: "தங்கத்தப் போட்டது பெரிசில்லடா. தங்கம் வந்தா எவனுக்கும் கொஞ்சம் பயம் வரும், சாமி சோதிக்குதோன்னு. அதுக்கு முன்னாடி தெனம் ஒரு சாதா மீனு வந்துச்சு பாரு, வீட்ல புள்ளைங்க பசியில கெடக்கையில அதப் போட்டாரு. அதான்."

தேவாரமும் பெரியபுராணமும் புரட்டியவன் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. இந்த இடத்தை நான் கவனித்ததே இல்லை. தங்கமீன் என்றே சொல்லிச் சொல்லி, அந்தச் சாதா மீன்களை விட்டுவிட்டோம்.

பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார். "ஏந்தம்பி, நீங்களும் முதல் மீன விடுவீங்களா?"

பெரியவர் சிரித்தார். "டீசல் காசு வரணும்லம்மா. தடைக்காலம் 61 நாளு சும்மா உக்காந்துட்டு, கடனோட போறோம்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ரெண்டு எட்டு வைத்தவர் நின்றார். "சில நாளு விடுறதுதான். எந்த நாளுன்னு கேக்காதீங்க."