பீன் பேக் நன்றாகத்தான் இருக்கும்

கோவொர்க்கிங் இடம், அதாவது பல பேர் கட்டணம் கட்டிப் பகிர்ந்துகொள்ளும் அலுவலகம், பார்க்கப் போனால் முதலில் காட்டுவது பீன் பேக். அடுத்தது பூசாத செங்கல் சுவர். அதற்கடுத்தது, பக்கத்துத் தெரு ஓவியர் வரைந்த ஆளுயர மீன். கடைசியாக, "இங்க ஒரு கம்யூனிட்டி இருக்கு" என்ற வாக்கியம். இவ்வளவிலும் சொக்கிப்போய்க் கையெழுத்துப் போட்டவரை நான்காம் நாள் மாடிப்படியில் பார்க்கலாம். மடியில் லேப்டாப்பும் காதில் ஹெட்செட்டுமாக வாடிக்கையாளரிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார். உள்ளே போன் பூத், அதாவது கதவைச் சாத்திக்கொண்டு பேசும் சிறு அறை, காலியில்லை.

குறை அவர் போன நேரத்தில் இருக்கிறது. சுற்றிக்காட்ட அவர்கள் கொடுக்கும் நேரம் பெரும்பாலும் காலை பத்து மணி. விருந்தாளி வரும் நாளில் எந்த வீடும் சுத்தமாகத்தான் இருக்கும். செவ்வாய், புதன், வியாழனில் ஏதாவது ஒரு நாள், பதினொரு மணிக்கு ஒருமுறையும் மூன்று மணிக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை போய் "எவ்வளவு அமைதி!" என்று வியந்தால் அந்த வியப்புக்கு மாதக் கட்டணம் கட்ட வேண்டிவரும். ஒரு நாள் பாஸ் வாங்கி உண்மையான வேலையை அங்கே செய்து பாருங்கள். அன்று ஒரு வீடியோ கால் கட்டாயம் இருக்கட்டும்.

உள்ளே நுழைந்ததும் நடுக்கூடத்தில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், பரவாயில்லை. கலைஞர்கள் புழங்கும் பகுதிகளில் இந்த இடங்கள் பலவும் முன்பு ஆலையாகவோ கிடங்காகவோ இருந்தவை. உயரமான கூரை, கான்கிரீட் தரை, கண்ணாடித் தடுப்பு என எல்லாமே புகைப்படத்துக்கு அழகு, ஆனால் ஒன்றுகூட ஒலியை உறிஞ்சாது. தட்டிய ஓசை பட்டென்று அடங்கினால் சரி. அடங்காமல் கூரையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தால், இருபது பேர் பேசும் மதியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் சத்தம் கூடினால் நாம் அறியாமலே குரலை உயர்த்துவோம். 1911-இல் எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைக் கவனித்துச் சொன்னதால் இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. ஒருவர் உரக்கப் பேச, பக்கத்து மேஜைக்காரர் அதைத் தாண்டிப் பேச, நாலு மணிக்கு இடம் சந்தைக்கடை ஆகிவிடும்.

ஒரே சீராக ஓடும் ஏசி சத்தத்தை மூளை சீக்கிரம் மறந்துவிடும். புரியும் பேச்சைத்தான் மறக்காது, அதிலும் போனில் ஒரு பக்கம் மட்டும் கேட்டால் மறுபக்கத்தை அதுவே இட்டு நிரப்பப் பார்க்கும். மதியத்துக்குள் எதிர் மேஜைக்காரரின் வீட்டுக் கடன் நிலவரம் நமக்கு மனப்பாடம். ஆகவே தரையில் கம்பளம், கூரையில் ஃபெல்ட் பலகை, கனமான திரை, புத்தகம் நிறைந்த அலமாரி இவற்றைத் தேடுங்கள். நாலு தொட்டிச் செடி இருக்கிறதே என்றால், அது செடி, அவ்வளவுதான்.

போன் பூத் கணக்கு எளிது. நாற்பது மேஜை, இரண்டு பூத் என்று வையுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் போன் பேச்சு என்றால் தேவை நாற்பது மணி நேரம். எட்டு மணி நேரம் திறந்திருக்கும் இரண்டு பூத்தும் சேர்ந்து தருவது பதினாறு. மிச்சம் இருபத்து நாலு மணி நேரம் மாடிப்படிக்கு. பூத்துக்குள் போனால் கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிடம் இருந்து பார்க்க வேண்டும். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு ஏறத்தாழ 420 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு. காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் ஓர் ஆள் உட்கார்ந்தால் சில நிமிடங்களில் அது ஆயிரத்தைத் தாண்டும். மீட்டிங்கில் கொட்டாவி வருவதற்குப் பேசுபவர் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. உள்ளே விசிறி இருக்கும், ஆனால் பல பூத்களில் அது அசைவு உணரும் சென்சாரில் ஓடுகிறது. அசையாமல் கவனித்துக் கேட்டால் விளக்கும் விசிறியும் சேர்ந்து அணையும். இருட்டில் நாம் கையை ஆட்டுவோம். விடைபெறுகிறோம் என்று நினைத்து எதிர்முனையில் இருப்பவரும் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

வைஃபையைப் பற்றிக் கேட்டால் சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணைக் காட்டுவார்கள். அது டவுன்லோட். கேட்க வேண்டியது அப்லோட். துல்லியமான ஒரு வீடியோ கால் நொடிக்கு மூன்று, நான்கு மெகாபிட் அப்லோடை எடுத்துக்கொள்ளும். ஒரே நேரத்தில் பத்துப் பேர் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். வரவேற்பு மேஜையில் வேகம் சோதிப்பது வீண், ரௌட்டர் அங்கேயேதான் இருக்கும். நீங்கள் உட்காரப்போகும் நாற்காலியில், மூன்று மணிக்குச் சோதியுங்கள். ஸ்டூடியோக்களும் கஃபேக்களும் ஒட்டியொட்டி இருக்கும் தெருவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை நெரிசலாகத்தான் இருக்கும். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அதில் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அந்த மூன்றில்தான் தெருவே நிற்கிறது. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் அது தடித்த சுவரைத் துளைக்கத் திணறும். முதல் நாள் நாம் தடவித் தடவி ரசித்த அதே செங்கல் சுவர்தான். மேஜைக்குக் கேபிள் இணைப்பு உண்டா என்று கேளுங்கள். இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

மின்சாரம் போனால் லேப்டாப் தாங்கும். ரௌட்டரும், கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சும் யூபிஎஸ்ஸில் இருக்கின்றனவா? "ஜெனரேட்டர் இருக்கு" என்பது இதற்குப் பதில் ஆகாது. ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும் சில விநாடிகளில் ரௌட்டர் அணைந்து, மறுபடி எழுந்து வர ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். நீங்கள் விலை சொல்லும் கட்டத்தில்தான் அது நடக்கும்.

மேஜையை உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்துங்கள். எட்டுப் பேருக்குப் பொதுவான நீள மேஜை ஆடினால், எதிரில் இருப்பவர் கோபமாக மின்னஞ்சல் எழுதும்போதெல்லாம் உங்கள் திரையும் நடுங்கும். உயரம் 72 முதல் 75 சென்டிமீட்டர் வரை இருந்தால் பெரும்பாலோருக்கு ஒத்துவரும். நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்தால் எதுவும் தெரியாது, ஒரு மணி நேரம் வேண்டும். மர ஸ்டூல் என்றால் அவ்வளவு நேரம்கூடத் தேவைப்படாது. ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுப்பக்கம் இருந்தால் திரையில் வெயில், முகத்துக்கு நேரே இருந்தால் கண் கூசும். பிளக் பாயிண்ட்டை எண்ணிப் பாருங்கள். கழிப்பறையையும் மாலையில் பாருங்கள், காலையில் வேண்டாம்.

பிறகு வெளியே வந்து தெருவை ஒரு சுற்று. காலையில் சாதுவாகத் தெரியும் பக்கத்துக் கதவுக்குப் பின்னால் ஐந்து மணிக்கு டிரம்ஸ் ஒத்திகை இருக்கலாம். கீழ்த்தளத்தில் மர அறுப்பு இயந்திரமோ, ஸ்கிரீன் பிரின்டிங்கோ இருந்தால் வாடையை இழுத்துவந்து தலைக்கு மேல் ஊதும் வேலையைக் காற்றோட்டக் குழாய் பார்த்துக்கொள்ளும். வெளிச்சுவரில் பிரபலமான ஓவியம் இருந்தால் தரைத்தள ஜன்னலோர மேஜையை எடுக்காதீர்கள். ஊர் பேர் தெரியாதவர்களின் ஆயிரம் புகைப்படங்களில் ஓரமாக வாய் திறந்தபடி நீங்கள் இருப்பீர்கள்.

ஒப்பந்தத்தில் "24 மணி நேரமும்" என்று போட்டிருந்தால் எது என்று கேளுங்கள். கதவு திறக்கும், ஏசி ஏழு மணிக்கே நின்றுவிடும். மீட்டிங் ரூமில் பயன்படுத்தாத மணிக்கணக்கு அடுத்த மாதத்துக்குச் சேருமா? 30 நாள் நோட்டீஸ், சொன்ன நாளிலிருந்தா அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்தா? இரண்டாவது வகை என்றால், 2-ஆம் தேதி சொன்னவர் ஏறக்குறைய இரண்டு மாதம் கட்ட வேண்டியதுதான். டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும் என்பது எழுத்தில் இருக்கட்டும். பலர் கேட்க மறப்பது, அந்த நிறுவனத்துக்கே கட்டட உரிமையாளரிடம் இன்னும் எத்தனை மாதக் குத்தகை மிச்சம் என்பது. வாடகை மலிவென்று கலைஞர்கள் வருவார்கள், கலைஞர்கள் இருக்கிறார்களென்று கோவொர்க்கிங் வரும், அதைப் பார்த்து வாடகை ஏறும். 1964-இலேயே சமூகவியலாளர் ரூத் கிளாஸ் லண்டனைப் பார்த்து இந்த வகை இடப்பெயர்ச்சிக்கு ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்று பெயர் வைத்துவிட்டார். குத்தகை முடிந்தால் மீன் ஓவியம் மட்டும் சுவரில் இருக்கும்.

2005-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபர்க் முதல் கோவொர்க்கிங் இடத்தைத் திறந்தபோது முதல் மாதம் ஒருவரும் வரவில்லையாம். போன் பூத் தட்டுப்பாடே இல்லாத ஒரே மாதம் அதுவாகத்தான் இருக்கும்.

கிளம்பும் முன், மேலாளர் காதில் விழாத தூரத்தில், காபி இயந்திரத்தருகே நிற்கும் பழைய உறுப்பினரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்க எந்த நாற்காலியில உட்கார மாட்டீங்க?" யோசிக்காமல் கை நீட்டுவார். பெரும்பாலும் அது உங்களுக்கென்று காட்டிய நாற்காலியாகத்தான் இருக்கும்.