இரும்பைக் கொடுக்காத பாட்டா

கோவளத்தில் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு விடுதியின் சமையலறையில் எனக்கு இது பதினோராவது வருஷம். வீடு மார்த்தாண்டத்தில். காலையில் களியக்காவிளை வரை நம்ம ஊர் பஸ், அங்கிருந்து கேரள பஸ், பாலராமபுரத்தில் இறங்கி விழிஞ்ஞம் போகும் வண்டி. பையில் சாப்பாட்டுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு துணிச்சுருள், அதற்குள் மூன்று கத்திகள். ஒருமுறை எல்லையில் ஒரு போலீஸ்காரர் பையைத் திறக்கச் சொன்னார். நீளமான கத்தியைப் பார்த்துவிட்டு “இது எந்தினாடோ?” என்றார். “மீன் முறிக்கான் சாரே” என்றேன். “அத்ர வலிய மீனோ?” என்று கேட்டுவிட்டு, விடுதி அடையாள அட்டையைப் பார்த்து அனுப்பிவிட்டார்.

மூன்றும் ஜப்பான் கத்திகள். காய்க்கு ஒரு சாந்தோக்கு, எல்லா வேலைக்கும் 210 மில்லிமீட்டர் கியூதோ, பச்சை மீனை மெல்லிய துண்டாக இழுத்து வெட்ட 270 மில்லிமீட்டர் யனகிபா. முதல் இரண்டும் தோஹாவில் வேலை பார்த்தபோது சம்பளத்தில் வாங்கியவை. யனகிபா, அங்கே என் மேலாளாக இருந்த ஜப்பானியர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. “உன் ஊரில் யாரிடம் தீட்டுவாய்?” என்று கேட்டார். எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு சாணைக்காரர் வருவார் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது ஊருக்கு வந்து ஒரு வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

நம் வீட்டு அரிவாள்மணையும் வெட்டுக்கத்தியும் மென்மையான இரும்பு. மழுங்கும், திரும்பத் தீட்டினால் உயிர் வந்துவிடும். எப்படித் தீட்டினாலும் பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது. ஓட்டல்களில் அதிகம் புழங்கும் ஜெர்மன் வகைக் கத்திகள், உருக்கின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 54 முதல் 58 வரை. என் கியூதோவின் நடு உருக்கு விஜி-10, 60க்கு மேல். கடினமான உருக்கு என்பதால் அதன் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, மெலிசாக, பக்கத்துக்கு 15 பாகை அளவில் வைக்கலாம். தக்காளித் தோலில் எடை வைக்காமலே இறங்கும். ஆனால் அதே கடினத்தால் அது வளையாது, உடையும். எலும்பில் திருகினால் விளிம்பு சில்லுபெயர்ந்து பல் விழும். சமையலறையில் எல்லாரும் கையில் எடுத்துச் சரக் சரக்கென்று உரசும் வரிபோட்ட இரும்புக் கம்பிகூட இதற்கு ஆகாது.

யனகிபா இன்னும் சிக்கல். அது ஒருபக்கக் கத்தி. முன்பக்கம் அகலமான சரிவு, பின்பக்கம் தட்டையாகத் தெரியும், ஆனால் தட்டை இல்லை. நடுவில் மெல்லிய குழிவு. மீன் சதை ஒட்டாமல் விலக அந்தக் குழிவு வேண்டும், தீட்டும்போது பின்பக்கம் கல்லில் விளிம்பு மட்டும் படவும் வேண்டும். அதன் உருக்கு ஷிரோகமி, வெள்ளைக் காகிதம் என்று அர்த்தம். யசுகி உருக்கு ஆலையிலிருந்து வந்தபோது சுற்றியிருந்த காகிதத்தின் நிறத்தால் வந்த பெயர். துருப்பிடிக்காத எஃகு இல்லை. கோவளத்து உப்புக் காற்றில் துடைக்காமல் பத்து நிமிஷம் வைத்தால் சிவப்பு ஏறும். குடம்புளித் தண்ணீர் பட்டால் கறுக்கும். ஜப்பானில் கமேலியா எண்ணெய் பூசுவார்கள். என் கத்தி தேங்காயெண்ணெயில் வாழ்கிறது.

சரி, தீட்டின கதைக்கு வருகிறேன்.

விடுதியில் மாதம் ஒருமுறை எல்லாக் கத்தியையும் சேர்த்துத் தீட்டிக்கொடுக்கும் ஆள் ஒருவர் நகரத்திலிருந்து வருவார். நல்ல பேச்சு, நல்ல யூனிஃபார்ம், வேனில் மின்சாரச் சக்கரம். மற்றவர்கள் கத்தியோடு என் சாந்தோக்குவும் போயிற்று. அரை மணி நேரத்தில் நாற்பது கத்தி முடித்துவிட்டார். கையில் வாங்கியபோது கூர்மை பிரமாதம், காகிதத்தை நிறுத்திவைத்து வெட்டிக் காட்டினார். எனக்கும் சந்தோஷம்தான். மூன்று நாளில் அந்தக் கூர்மை ஓடிப்போனது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், முனைக்குப் பக்கத்தில் நீலமாக ஒரு நிழல்.

கொல்லர் பட்டறைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்த நீலம் தெரியும். இரும்பைக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் கடினமாகும். பிறகு மிதமாகச் சூடுகாட்டிப் பதம் வைப்பார்கள். இந்த மாதிரிக் கத்திக்கு அந்தச் சூடு 200 டிகிரி பக்கம்தான். நீலம் வருவதென்றால் சுமார் 300 டிகிரி. தண்ணீர் விடாமல் சக்கரத்தில் வைத்தால் கத்தி முழுக்கச் சுடாது, கைக்கும் தெரியாது. மயிரிழை கனமுள்ள வாய் மட்டும் வெந்துபோகும். அதற்கப்புறம் எவ்வளவு தீட்டினாலும், வெந்த இடம் தேய்ந்து முடிகிற வரை கூர்மை நிற்காது. சாந்தோக்குவில் இரண்டு மில்லிமீட்டர் அப்படிப் போயிற்று. அந்த ஆள்மேல் கோபம் இருந்தது. ஆனால் நாற்பது கத்திக்கு அரை மணி நேரம் என்று ஒப்பந்தம் போட்டவர்கள் யார் என்றும் யோசித்துப் பார்த்தேன்.

அடுத்து மார்த்தாண்டத்தில் சைக்கிளில் வரும் சாணைக்காரர். சைக்கிளை நிறுத்தி, பெடலை மிதித்துச் சக்கரம் சுற்றுவார். கியூதோவைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, நகத்தில் ஒருமுறை வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இது நம்ம கல்லுக்கு உள்ளது இல்ல தம்பி. கெடுத்தா நீங்க வருத்தப்படுவீங்க.” அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்போது யோசித்தால், அதுவரை நான் பார்த்தவர்களில் நம்பத்தக்கவர் அவர் ஒருத்தர்தான்.

தச்சர் ஒருவரிடமும் போனேன். உளியும் இழைப்புளியும் ஒருபக்கச் சரிவுதானே, யனகிபா அவருக்குப் பிடிபடும் என்று கணக்கு. சரிவை அழகாக எடுத்தார். பின்பக்கத்தை, உளிக்குச் செய்வதுபோல, முழுத் தட்டையாக்கப் பார்த்தார். நல்லவேளை, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் நானே கல் வாங்கினேன். 1000 எண் கல் ஒன்று, மெருகுக்கு 6000. தண்ணீரில் ஊறவைத்து, இரவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழகினேன். இரட்டைப் பக்கக் கத்திகள் கைக்கு வந்துவிட்டன. பிசிர் எழும்புவது விரலில் தெரியும், மறுபக்கம் திருப்பி அதை எடுப்பதும் தெரியும். தினசரிப் பராமரிப்புக்கு அது போதும். ஆனால் ஒரு நாள் பயிற்சிக்கு வந்த பையன், முழுக்க உருகாத சூரை மீன் கட்டியில் யனகிபாவை அழுத்திவிட்டான். வாயில் ஒரு பல் விழுந்தது, அரை மில்லிமீட்டர். அதை எடுக்க வேண்டுமென்றால் கத்தியின் முழு நீளத்துக்கும் சரிவைக் குலைக்காமல் பின்னால் கொண்டுபோக வேண்டும். எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஜப்பானில் சகாய் ஊரில் கத்தியை அடிக்கிறவர் வேறு, தீட்டுகிறவர் வேறு. தீட்டுவது தனித்தொழில், வருஷக்கணக்கில் கற்பது. நான் திண்ணையில் கற்றுக்கொண்டவன்.

பாத்திரம் கழுவும் பகுதியில் வேலை பார்க்கும் குலசேகரத்துப் பெண்தான் தன் பாட்டாவைப் பற்றிச் சொன்னாள். பாட்டா என்றால் எங்கள் பக்கத்தில் தாத்தா. “அண்ணா, எங்க பாட்டாட்ட குடுத்துப் பாருங்க. பால்வெட்டுக் கத்தி அவரு தீட்டுனா ஊருல ஆளுக வாங்கிட்டுப் போவாங்க.”

ரப்பர் பால் வெட்டும் கத்தியைப் பற்றி எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மரப்பட்டைக்குள் பால்குழல்கள் பெரும்பாலும் உள்பக்கம், மரத்தை ஒட்டி இருக்கின்றன. அவற்றை வெட்ட வேண்டும், ஆனால் மரம் வளர்கிற மெல்லிய படலத்தைத் தொடக்கூடாது. இடையில் விடுவது சுமார் ஒரு மில்லிமீட்டர். தொட்டால் அந்த இடம் முடிச்சு விழும், புதுப்பட்டை சீராக வராது. ஒவ்வொரு வெட்டிலும் சீவுகிற பட்டையும் அவ்வளவு மெலிசாக இருக்க வேண்டும். கனமாகச் சீவினால் மரத்தின் பட்டை சீக்கிரம் தீர்ந்துபோகும். இதை விடிவதற்கு முன்னால், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, முந்நூறு மரத்துக்கு மேல் செய்ய வேண்டும். வெயில் ஏறினால் பால் குறையும்.

திற்பரப்பு போகும் வழியில் அவர் வீடு. எழுபது தாண்டியவர். தோட்ட வேலையிலிருந்து நின்று வருஷங்களாகிறது, வீட்டைச் சுற்றியுள்ள அறுபது மரத்தை மட்டும் இன்னும் தானே வெட்டுகிறார். முற்றத்தில் கொடியில் ரப்பர் ஷீட் காய்ந்துகொண்டிருந்தது, ஒட்டுப்பால் நாற்றம். நேரே யனகிபாவைக் கொடுக்க மனம் வரவில்லை, சோதனைக்குச் சாந்தோக்குவை நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்தார். பெருவிரலை வாய்க்குக் குறுக்கே மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தார்.

“இதுல யாரோ சக்கரம் வச்சிருக்கான்” என்றார்.

அவ்வளவு போதும் என்று துணிச்சுருளை முழுக்க விரித்துவிட்டேன். யனகிபாவைப் பார்த்ததும் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் தடவினார்.

“இதுக்க பொறத்த குழிஞ்சிருக்கே மக்களே. வேணும்ணு செஞ்சதா, தேஞ்சதா?”

“வேணும்ணு செஞ்சது பாட்டா.”

“அப்ப அதத் தொடப்பிடாது.”

பிறகு கேள்விகள். எதை வெட்டுவேன், எந்தக் கை, அடியில் பலகையா பிளாஸ்டிக்கா, தள்ளுவேனா இழுப்பேனா. மூக்குக்கண்ணாடிக் கடையில்கூட என்னை இவ்வளவு கேட்டதில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, இரண்டு நாள் வைத்துவிட்டுப் போ என்றார். என்ன செய்யப்போகிறார் என்று பார்க்க உட்கார்ந்தேன். ஒன்றும் செய்யவில்லை. கத்தியைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, பேத்தியைக் கூப்பிட்டுக் கட்டன் சாயா போடச் சொன்னார்.

அவரிடம் இருந்தது நடுவில் குழிவிழுந்த கார்பரண்டம் கல் ஒன்று, பால்வெட்டுக் கத்தியின் வளைவுக்குள் விட்டுத் தேய்க்க விரல் தடிமனில் இன்னொன்று. அடுத்த முறை என் கற்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். 1000 பிடித்துவிட்டது. 6000ஐத் தடவிவிட்டு “இது கண்ணாடில்லா” என்றார். கல்லில் பள்ளம் விழுந்தால் சிமெண்டுத் தரையில் மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்த்துச் சமப்படுத்துகிறார். தீட்டும்போது அவசரமே இல்லை. பத்துத் தேய்ப்புக்கு ஒருமுறை நிறுத்தி, துடைத்து, பார்க்கிறார். பார்க்கிற நேரம்தான் அதிகம்.

யனகிபா திரும்பி வந்தபோது பல் முழுக்கப் போகவில்லை. பாதிதான் போயிருந்தது. நகத்தை வைத்தால் லேசாகத் தட்டியது. ஏமாற்றமாக இருந்தது, முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

“ஒரே தடவைல எடுத்தா எவ்வளவு இரும்பு போவும் தெரியுமா? அந்த இடத்துல மீன் மாட்டுதாண்ணு பாரு. மாட்டலண்ணா அது கெடக்கட்டும். அடுத்தடுத்த தீட்டுல தானா போயிரும்.”

மீன் மாட்டவில்லை. இரண்டாவது தீட்டில் நகத்துக்குத் தெரியாமல் ஆனது, நான்காவதில் இல்லவே இல்லை. இத்தனைக்கும் கத்தி அகலத்தில் குறைந்தது என் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இல்லை.

இத்தனை பேரிடம் அலைந்தேன், தீட்டிக்கொடுத்தவர்களில் கூர்மையைக் காட்டாதவர் யாருமில்லை. காகிதம் வெட்டிக் காட்டுவார்கள், கை மயிரைச் சிரைத்துக் காட்டுவார்கள். அதை யாரும் ஒரு நாளைக்குக் காட்டிவிடலாம், இரும்பு நிறையத் தேய்த்தால் சரி. பாட்டாவுக்கு இரும்பைக் கொடுக்க மனசில்லை. பட்டையில் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கஞ்சம் பிடித்தே ஆயுள் முழுக்க வேலை பார்த்த கை அது. இரண்டு மில்லிமீட்டர் இரும்பு காற்றோடு போன சாந்தோக்குவை எப்போது கையில் எடுத்தாலும், வீட்டுப் பிள்ளையை யாரோ அடித்ததுபோல அதன் முனையை ஒருமுறை தடவிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

காசு வாங்கமாட்டேன் என்று முதலில் சொன்னார், பிறகு கத்திக்கு நூறு ரூபாய் என்று ஒத்துக்கொண்டார், நெய்மீன் தலை கிடைத்தால் காசு வேண்டாம். கணக்குப் பார்த்தால் நெய்மீன் தலைதான் எனக்குச் செலவு அதிகம்.

விடுதியில் இரண்டு பேர் அவர் முகவரி கேட்டார்கள். ஒருவருக்குக் கொடுத்தேன், இன்னொருவருக்குக் கொடுக்கவில்லை. அவர் உறைந்த கோழியைக் கியூதோவால் பிளப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் போனபோது பாட்டாவுக்கு வலது மணிக்கட்டில் வீக்கம், எண்ணெய் போட்டுத் துணி சுற்றியிருந்தார். என் கத்திகளை நானே அவர் முன்னால் உட்கார்ந்து தீட்டினேன், அவர் இடையிடையே “போதும்” என்று மட்டும் சொன்னார். முடித்ததும் தன் பால்வெட்டுக் கத்தியை எடுத்து என்னிடம் நீட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முக்கால் மணி நேரம் பார்த்துப் பார்த்துத் தீட்டிக் கொடுத்தேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார், பெருவிரலைக் குறுக்கே வைத்தார், “கொள்ளாம்” என்றார், நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

மறுநாள் பேத்தி சமையலறையில் சொன்னாள், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இடது கையாலேயே அதைத் திரும்பத் தீட்டினாராம்.