வீடு பொஞ்சாதிக்கு, கடன் எனக்கு

எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணம் கட்டினால் ஆம்பிளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போவான். வீட்டோடு மாப்பிள்ளை என்று வேறு இடங்களில் சிரிப்பார்களாம். மட்டக்களப்பில் அப்படிப் போகாதவனைப் பற்றித்தான் ‘என்னவாம் பிரச்சினை?’ என்று விசாரிப்பார்கள். இந்த முறைக்கு ஆதாரமாக இருந்த, இங்கத்தைய வழமைச் சட்டமான முக்குவர் சட்டம் 19 ஆம் நூற்றாண்டோடு நீதிமன்றத்தை விட்டுப் போய்விட்டது. மாமிமாரை விட்டுப் போகவில்லை.

அப்படி என் மனைவிக்குச் சீதனமாக வந்த வீடு ஆரையம்பதியில் இருக்கிறது. அவளுடைய பெத்தாவுக்கு, அதாவது பாட்டிக்கு, அவவின் தாய் கொடுத்தது. வீட்டு உறுதிப் பத்திரம் மனைவியின் பேரில். திருத்துவதற்கு வங்கியில் எடுத்த கடன் என் பேரில். இந்தப் பங்கீட்டில் குடும்பத்தில் ஒருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

வீட்டில் ஒரு பொருளின் வயதைக் கேட்டால் யாரும் வருடம் சொல்ல மாட்டார்கள். சூறாவளிக்கு முந்தியது, இல்லையென்றால் பிந்தியது. 1978 நவம்பர் 23 ஆம் திகதி அடித்த அந்தச் சூறாவளியில் இந்தப் பக்கத்தில் ஓடு தப்பிய கூரைகள் குறைவு. எங்கள் கூரையில் தெற்குச் சரிவு முந்தியது, வடக்குச் சரிவு பிந்தியது. இரண்டும் ஒழுகும். முந்தியது கொஞ்சம் மரியாதையாக ஒழுகும்.

மரியாதை என்றதும் மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமி என்னோடு நேரே கதைப்பதில்லை. கோபமொன்றும் கிடையாது, மருமகனுக்குக் கொடுக்கிற பழைய மரியாதை அது. நான் முன்னால் கதிரையில் இருந்தாலும், “புள்ள, கூரையக் கழட்டப் போறாராமா எண்டு கேள்” என்பார். மனைவி என் பக்கம் திரும்புவாள். நான் ஓம் என்பேன். “ஓமாம் அம்மா.” “மறுகா மழை வந்தா எங்க படுக்கிறதாம்?” இதற்கு நான் நீளமாக ஒரு விளக்கம் சொல்வேன். மனைவி அதை “தெரியாதாம்” என்று சுருக்கிக் கொடுத்துவிடுவாள்.

மேசன் அண்ணன் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை ஆள். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், பிளேன்டீ குடித்தார். “வைகாசிக்குள்ள கூரை, ஆடிக்குள்ள பூச்சு, மாரிக்கு முந்திக் குடிபுகலாம் தம்பி” என்றார். கேட்க இனிமையாக இருந்தது.

சித்திரை வருசம் கழிந்து ஓடு இறக்கினார்கள். சில ஓடுகளின் அடிப்பக்கத்தில் மங்களூர் என்று பொறித்திருந்தது. 1865 இல் பாசல் மிஷன்காரர் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். அந்தக் கரையிலிருந்து கப்பலேறி வந்த ஓடுகளைத்தான் எங்கள் ஆட்கள் கள்ளிக்கோட்டை ஓடு என்று பொதுவாகச் சொல்வது. கடலையும் சூறாவளியையும் தாண்டி வந்தவற்றில் கணிசமானவை மேசன் அண்ணனின் கையாள் கையில் உடைந்தன. ஓட்டுக்குக் கீழே ஒரு மரநாய்க் குடும்பம் இருந்தது. அவர்கள் சண்டை சச்சரவில்லாமல் பெரிய மாமா வீட்டுக் கூரைக்குக் குடிபெயர்ந்தார்கள். பெரிய மாமா இன்றுவரை அதை என் கணக்கில்தான் எழுதுகிறார்.

மரவேலை செய்கிற ஓடாவியார் கூரை தாங்கும் தீராந்தியைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். முதிரை. ஆணி அடித்தால் ஆணிதான் வளைந்தது. சூறாவளிக்குப் பிந்திப் போட்ட கைமரங்களைத் தட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. வெளித்தோலை விட்டு உள்ளே எல்லாவற்றையும் கறையான் முடித்திருந்தது. “இது மரமில்ல தம்பி, மரத்துட படம்” என்றார். உடையாமல் தப்பிய பழைய ஓடு அரைவாசிக்கும் காணாது. புது ஓடு வாங்குவது, பழையதை வேலியோரம் அடுக்குவது, குசினிக் கூரையை இப்போதைக்குத் தொடுவதில்லை என்று முடிவாயிற்று. முடிவு எடுத்தது மாமி. எனக்கு மனைவி வழியாகத் தகவல் வந்தது.

அதன் பிறகுதான் மட்டக்களப்பில் வீடு திருத்துகிறவன் சீமெந்து விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியது பஞ்சாங்கம் என்று விளங்கியது.

வைகாசி வந்தது. மேசன் அண்ணனின் ஊரில் கண்ணகி அம்மன் சடங்கு. கோயில் கதவு திறந்தால் கடைசிச் சடங்கான குளிர்த்தி முடியும்வரை கரண்டியைத் தொட மாட்டார். சரி, அம்மன் காரியம். அவர் திரும்பி வரவும் ஓடாவியார் கதிர்காமத்துக்கு வெளிக்கிட்டார். பஸ்ஸில் போகிற கதிர்காமம் இல்லை. பாதயாத்திரை. பொத்துவில், உகந்தை, குமண, யால என்று காட்டு வழியே கால்நடை. கூரை திறந்து கிடக்கிறது, கைமரம் பாதி ஏறியிருக்கிறது, ஓடாவியாரின் போன் காட்டுக்குள் இருக்கிறது. “நேத்தி தம்பி. முருகனிட்டச் சொல்லி உங்கட வீட்டையும் பாத்துக்கொள்ளச் சொல்றன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். முருகன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார், கூரை இல்லாதபடியால் நன்றாகத் தெரிந்திருக்கும். கச்சான் காற்று ஆரையம்பதியின் மணலையெல்லாம் அள்ளி எங்கள் மண்டபத்துக்குள் கொட்டிவிட்டுப் போனது.

ஆடியில் மாமாங்கக் கோயில் தீர்த்தம். அதோடு சிறுபோக வெட்டு தொடங்கவே கையாட்கள் வயலுக்குப் போனார்கள். வெட்டு மிஷின் வந்து எத்தனையோ காலமாயிற்றே என்று கேட்டேன். “மிஷினுக்குப் பின்னால ஆள் நிக்க வேணுமே” என்றார்கள். அதற்குமேல் கேட்க எனக்கு விவசாயம் தெரியாது. பிறகு ஒருநாள் மேசன் அண்ணன் காரணம் எதுவுமில்லாமல் வரவில்லை. மறுநாள் வந்து அவரே வருத்தப்பட்டார். வாவியைக் கடக்கிற மிதவைக்கு இங்கே பாதை என்று பெயர். “எங்கட அப்பர்ட காலத்தில ‘பாதை ஓடல்ல’ எண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும், வேலைக்கு வராததுக்கு ஆரும் கேள்வி கேக்க மாட்டாங்க. 2014 இல மண்முனைப் பாலத்தத் திறந்து எல்லாத்தையும் கெடுத்துப்போட்டாங்க.”

அந்த அப்பர் பிறகு ஒருநாள் மகனோடு மோட்டார் சைக்கிளில் வந்தார். வந்ததற்குக் காரணம் தொலைக்காட்சி.

உள்சுவரில் தொலைக்காட்சியை மாட்ட மேசன் அண்ணன் துளை போட்டார். பழைய சுவர், சிப்பி சுட்டு நீற்றிய சுண்ணாம்பில் கட்டியது. ட்ரில்லை வைத்ததும் சுவர் மாவாகக் கொட்டத் தொடங்கியது. றோல் பிளக் வைத்தால் கழன்று விழுந்தது. அதைவிடப் பெரிய பிளக்குக்குப் பெரிய துளை. இப்படியே போய், கடைசியில் துளைக்கு மற்றப் பக்கம் சாமி அறை தெரிந்தது. அங்கே விளக்குக் கொளுத்திக்கொண்டிருந்த மாமியும் தெரிந்தார். “புள்ள, உன்ட புருசன் சுவருக்குள்ளால என்னவாம் பாக்கிறார்?”

கிழவர் துளையைப் பார்க்கவில்லை. ஒரு சாவித் திறப்பால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே நடந்தார். சில இடத்தில் ‘டக்’ என்றது, சில இடத்தில் ‘டொப்’ என்றது. டொப் என்ற இடமெல்லாம் பிற்காலத்தில் சீமெந்து பூசிய இடம். அங்கேதான் பெயின்ற் பொருக்கு வெட்டி, உப்புப் பூத்து, பூச்சு கழன்று விழுந்துகொண்டிருந்தது. ஒருபக்கம் வாவி, ஒருபக்கம் கடல், நடுவில் நிலம். ஈரத்தோடு உப்பும் அத்திவாரத்திலிருந்து சுவரில் ஏறும். “சுண்ணாம்புச் சுவர் வேர்க்கும், காயும். நீங்க அதுக்குச் சீமெந்துச் சட்டையப் போட்டுப் பொத்தானையும் பூட்டினா வேர்வ எங்ககா போற?” என்றார். சீமெந்தைக் கொத்தி எடுத்துவிட்டு, சீமெந்து ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்று கலந்து பூசச் சொன்னார்.

எனக்கு உடனே அவர் மேல் பக்தி வந்தது. காரணம் கட்டடக்கலை இல்லை. 2021 இல் ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த 50 கிலோ சீமெந்து மூடை 2022 இல் மூவாயிரத்தைத் தாண்டியபோதுதான் எங்கள் முதல் திட்டம் அப்படியே படுத்தது. அன்றிலிருந்து சீமெந்து குறையும் என்று யார் சொன்னாலும் காலில் விழுவேன். காத்தான்குடியில் நான் சாமான் எடுக்கும் ஹாட்வெயார்க் காக்காவுக்குத்தான் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது) மனம் கேட்கவில்லை. “சுண்ணாம்பா? வெத்திலைக்கா தம்பி?” என்றார். தொலைக்காட்சி இப்போது மேசையில் இருக்கிறது. துளையை அடைத்தாயிற்று.

இதெல்லாம் சில்லறைப் பிரச்சினை. உண்மையான யுத்தம் கக்கூசுக்கு நடந்தது.

பழைய வீடுகளில் அது வளவின் கடைசியில், வேலியோரம், பகலில் தூரம், இரவில் இன்னும் தூரம். பிள்ளைகள் டோர்ச்சோடு அணிவகுத்துப் போவார்கள். மழைக்காலத்தில் குடையும் சேரும். வீட்டோடு ஒட்டி ஒரு குளியலறை, மலசலகூடம் வேண்டும் என்றுதான் இந்தத் திருத்தத்தையே தொடங்கினேன். அறைக்கு இடம் கிடைத்தது. குழிக்குக் கிடைக்கவில்லை. குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இருக்க வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர், எங்கள் பீ.எச்.ஐ. ஐயா சொல்லிவிட்டார். எங்கள் மண் வெறும் மணல், குழித் தண்ணீர் கிணற்றுக்குப் போக நாள் எடுக்காது. ஆகவே அவர் சொன்னது நியாயம். ஆனால் ஆரையம்பதியில் வளவுக்கு வளவு கிணறு. எங்களுடையது ஒன்று, இடப்பக்கத்து வீட்டில் ஒன்று, வலப்பக்கத்து வீட்டில் ஒன்று. மேசன் அண்ணனும் நானும் நாடாவைப் பிடித்துக்கொண்டு வளவெல்லாம் நடந்தோம். மூன்று கிணற்றுக்கும் 50 அடி தள்ளி நிற்கிற ஒரே இடம் கிடைத்தது. வேப்பமரத்தடி. அங்கே வைரவர் சூலம்.

அன்று மாமி மனைவியைக் கூப்பிடவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக என்னை நேரே பார்த்துக் கதைத்தார். “வைரவரக் கிளப்பிப்போட்டு அவடத்தயா வெட்டப் போறீங்க?”

நான் பழக்கதோசத்தில் மனைவியைப் பார்த்தேன். அவள் வானத்தைப் பார்த்தாள்.

பின்னேரம் குடும்பக் கூட்டம். பெரிய மாமா, “நாங்க அந்தக் காலத்தில வாவிக்கரைக்குத்தான் போனம், என்ன கெட்டுப்போச்சு?” என்று தொடங்கினார். கனடாவிலிருந்து மச்சான் வட்ஸ்அப்பில் வந்தார். வீடு தங்கைக்குப் போனபடியால் அவருக்கு உரிமை கிடையாது, கருத்து உண்டு. ஏற்கெனவே குசினிச் சுவரை இடித்துத் திறந்த குசினி வைக்கச் சொல்லிப் படம் அனுப்பியவர் அவர். மாமி கருவாடு பொரிக்கிற நாளில் வந்து நின்று அதைச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது தண்ணீரே தேவையில்லாத ஏதோ டொய்லற் பற்றி விளக்கினார். தண்ணீர் இல்லை என்ற இடத்தில் மாமி போனைக் கவிழ்த்து வைத்தார். பூசாரியாரைக் கேட்டால், வைரவரை இடம் மாற்றலாம், ஆனால் மடை வைத்து, வடைமாலை சாத்தி, ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட வேண்டும் என்றார். செலவைக் கூட்டிப் பார்த்தேன். வைரவரை விட்டுவிட்டு வீட்டையே நகர்த்தலாம் போலிருந்தது.

வழி சொன்னவர் வலப்பக்கத்து வீட்டு அண்ணன். வேலிக்கு மேலால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார். “குழாய்த் தண்ணி வந்த பிறகு என்ட கிணறு சும்மாதானே கிடக்கு. தூத்துவிடுறன். மறுகா நீங்க வேப்பமரத்துக்கு இஞ்சால வெட்டலாமே” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு நான் நிற்கும்போதே, வேலியோரம் அடுக்கியிருந்த பழைய ஓடு அத்தனையும் தன் மாட்டுக்கொட்டிலுக்கு வேண்டும் என்றார். சரி என்றோம். பிறகு, கிணற்றுக்குள் ஒரு ஆமை இருக்கிறது, அவருடைய தகப்பன் காலத்து ஆமை, அதை நாங்கள் எங்கள் கிணற்றில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். மாமிக்கு ஆமையில் பரம திருப்தி, தண்ணீர் சுத்தமாக இருக்குமாம். கதிர்காமத்திலிருந்து மொட்டைத் தலையோடு திரும்பிய ஓடாவியார்தான் அதை வாளியில் தூக்கி வந்து விட்டார். இந்த வீட்டில் செலவில்லாமல் குடிபுகுந்த ஒரே ஜீவன் அது.

வயரிங் பற்றி எழுத அதிகமில்லை. முழுவதையும் பிடுங்கி எறிந்தோம். உருண்டைப் பின் பிளக்குகளோடு மூன்று தலைமுறை வாழ்ந்த வீட்டில் இப்போது எல்லாம் சதுரப் பின். மாமி அயன்பொக்ஸைக் குத்துகிற நேரத்தில் மட்டும் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. ஏன் என்று எலெக்ட்ரீசியனுக்கும் தெரியவில்லை.

மாரி எங்களுக்கு முந்திவிட்டது. கூரை ஏறியிருந்தபடியால் பிழைத்தோம். பூச்சு காயத்தான் மார்கழி முழுக்கப் போனது. தையில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். பால் எந்தப் பக்கம் பொங்கியது என்று பெரிய மாமா ஒரு வாரம் விவாதித்தார்.

வெள்ளை டைல்ஸ் பதித்த புதுக் குளியலறையை மாமி பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். “விருந்தாளி வந்தாத் திறக்கலாம்” என்று உத்தரவு. நாங்கள் மறுபடியும் டோர்ச்சோடு வேலியோரம் போய்வந்தோம்.

விருந்தாளி வந்தார். கனடா மச்சான்தான். குளியலறை திறக்கப்பட்டது. அவர் அதை எட்டியும் பார்க்கவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்து, “எங்க மச்சான் அந்தப் பழைய ஓடு? அதெல்லாம் அன்ரீக் எல்லோ! கனடாவில இதுக்கு என்ன மதிப்புத் தெரியுமா?” என்றார். திறந்த குசினி கேட்ட அதே வாய். சொல்லாமல் இருக்க முடியவில்லை, வேலிக்கு அங்கால் கையைக் காட்டினேன். மச்சான் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார். மாட்டுக்கொட்டிலுக்குள் நின்று, கூரையை நோக்கிப் போனைப் பிடித்து, பூட்டன் வீட்டின் பெருமையைப் பிள்ளைகளுக்கு விளக்கினார். மாடு அவருடைய சேர்ட்டை மோந்து பார்த்தது. திரும்பி வரும்போது குளியலறை எங்கே என்று அவசரமாகக் கேட்டார்.

அன்று பின்னேரமே பக்கத்து வீட்டு அண்ணன் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

“தம்பி, அந்தக் குசினிக் கூரையையும் எப்ப கழட்டப் போறீங்க?”