வலப்பக்கம் வைத்துப் பாருங்க

கால்நடை மருந்தகப் பதிவேட்டில் மாடு, எருமை, ஆடு, நாய், கோழி என்றே எழுதிப் பழகிய கை என்னுடையது. குதிரை என்று எழுத வருடத்துக்கு நாலைந்து தடவை வாய்த்தால் அதிகம். அந்த நாலைந்தும் பெரும்பாலும் ஒரே வீட்டுக் குதிரைகளாக இருக்கும்.

1990களில் வேலூருக்குத் தெற்கே, கம்மவான்பேட்டைப் பக்கத்தில் வேலை பார்த்தேன். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருக்கும் பகுதி அது. அங்கே ஓர் அம்மாவை எல்லோரும் ‘குதிரைக்காரம்மா’ என்றுதான் சொல்வார்கள். அவருடைய வீட்டுக்காரர் ராணுவத்தில் ஆர்.வி.சி. பிரிவு. குதிரை, கோவேறு கழுதை, நாய் இவற்றைப் பராமரிக்கும் பிரிவு. அதன் பயிற்சி மையம் மீரட்டில் இருக்கிறது. கல்யாணமான புதிதில் இந்த அம்மா அங்கே குவார்ட்டர்ஸில் நாலு வருடம் இருந்திருக்கிறார். இந்தி தெரியாது, பேசத் துணையும் கிடையாது. காலையும் மாலையும் லாயத்துப் பக்கம் போய் நின்றுவிடுவாராம்.

அப்புறம் கணவரை மலைப் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத இடம். ஊருக்குத் திரும்பியவரிடம் மாமியார் கறவை மாடு வாங்கப் பணம் கொடுத்திருக்கிறார். இவர் அதை எடுத்துக்கொண்டு போய் வேலூரில் ஒரு ஜட்கா வண்டிக்காரரிடம் பெட்டைக் குதிரை ஒன்றை வாங்கி வந்து வாசலில் கட்டிவிட்டார். மாமியார் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். “அதுவும் நல்லதுதான் சார், வேலை ஓடுச்சு” என்பார்.

ஒரு காலத்தில் இது குதிரைகள் ஓடிய சீமை. 1806இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தபோது அடக்க வந்ததும் ஆற்காட்டுக் குதிரைப்படைதான். நான் வேலைக்கு வந்த காலத்தில் மிச்சமிருந்தவை சில ஜட்காக்கள், கல்யாண ஊர்வலக் குதிரைகள், அவ்வளவுதான். கல்லூரியில் குதிரையைப் படித்திருந்தாலும் என் கை தொட்டுப் பழகியது மாட்டைத்தான்.

மாட்டுப் பொங்கல் ராத்திரி ஒன்பது மணி இருக்கும். ஒரு பையன் சைக்கிளில் வந்து, “குதிர படுத்துக்கினு உருளுது சார்” என்றான். போனால், வயிற்று வலி. குதிரைக்கு வயிற்று வலி என்றால் லேசில்லை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது புளித்துக் காற்று சேர்ந்தால் வயிறே வெடிக்கலாம். அந்த அம்மா கயிற்றைப் பிடித்து வாசலில் நடத்திக்கொண்டிருந்தார். குதிரை நாலடி நடக்கும், திரும்பித் தன் விலாவைப் பார்க்கும், முன்னங்காலால் தரையைப் பறிக்கும். பிடரியெல்லாம் வேர்வை, ஜனவரிக் குளிரில்.

நான் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து, நேராக இடப்பக்கம் போய் வைத்தேன். மாட்டுக்குப் பெருவயிறு இருப்பது அங்கேதான். நான் கையை எடுக்கும்வரை பார்த்திருந்துவிட்டு அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: “வலப்பக்கம் மேல வெச்சுப் பாருங்க சார். குழாய்ல தண்ணி எறங்கற மாதிரி கேக்கணும். சாயங்காலத்துலேர்ந்து கேக்கல.”

குதிரையின் பெருங்குடல் வாய், சீக்கம் என்று படித்தது, வலப்பக்கம்தான் இருக்கிறது. பாடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். அவரிடம் ஸ்டெதாஸ்கோப் கிடையாது. காதை விலாவில் ஒட்டிவைத்துக் கேட்டிருக்கிறார், அரை மணிக்கு ஒரு தரம். காரணத்தையும் அவரே கண்டுபிடித்திருந்தார்: தெருப் பிள்ளைகள் ஆசையாக ஆளுக்கொரு உருண்டை பொங்கல் ஊட்டியிருக்கிறார்கள்.

வலிக்கும் பிடிப்புக்கும் ஊசி போட்டேன். மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி எண்ணெய் விடவேண்டும். குதிரைக்கு ஏற்ற குழாய் எங்கள் மருந்தகத்தில் இல்லை. பக்கத்து டவுனிலிருந்து ஒருவரிடம் இரவல் வாங்கி வருவதற்குள் மணி பன்னிரண்டு. அதுவரை அந்த அம்மா நடத்திக்கொண்டேதான் இருந்தார். விடியற்காலை நாலு மணிக்குக் குதிரை சாணி போட்டது. அந்தச் சத்தத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது.

அதன்பின் குட்டி போடும் நாள்களில் என்னைக் கூப்பிடுவார், பெரும்பாலும் சும்மா துணைக்கு. பதினோரு மாதக் கணக்கைச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருப்பார். குட்டி பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தள்ளாடி எழுந்து நிற்கும், நாங்கள் டீ குடிப்போம். விற்கும்போதுதான் கறார். வந்த உடனே ராசிக்கு மயிர்ச் சுழி பார்க்கிற ஆளுக்குக் கொடுக்கமாட்டார். காலைத் தூக்கிக் குளம்பைப் பார்க்கிறவரோடுதான் விலை பேசுவார். எனக்குச் சுழியில் நம்பிக்கை கிடையாது. அவருக்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன், ஆனால் குளம்புக்கு அப்புறம்தான்.

பதிவேட்டில் ‘உரிமையாளர் பெயர்’ என்று ஒரு கட்டம் உண்டு. ஏழு வருடமும் அதில் கணவர் பெயரைத்தான் எழுதிவந்தேன். கேட்டு எழுதியதில்லை, பழக்கம்.

கணவர் ஓய்வு பெற்று வந்த பிறகு ஒரு நாள் தம்பதியாக வந்தார்கள், குட்டிக்கு டெட்டனஸ் ஊசி போட. இருபது வருடம் குதிரைகளோடு இருந்த மனிதர். கயிற்றை அவர் வாங்கப் போனார். தாய்க் குதிரை காதைப் பின்னால் மடக்கிப் பல்லைக் காட்டியது. கையை எடுத்துக்கொண்டார். நான் எழுதிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்துவிட்டு, “என் பேரு எதுக்கு சார்? அதுக்கு என்னைத் தெரியவே தெரியாது” என்றார்.

பேனாவை வைத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் முதல் தடவையாகப் பெயர் கேட்டேன். குட்டியின் வாயைப் பிடித்தபடியே சொன்னார்.