சிக்னல் ஜன்னலில், லெப்டொப் உள்ளே: நடுவில் புளூடூத்

மலையகத்துப் பல வீடுகளில் போன் சிக்னல் வீடு முழுக்கக் கிடைப்பதில்லை. எதிரே மலை, தலைக்கு மேலே தகரக் கூரை, சுற்றிலும் தடித்த கருங்கல் சுவர். காம்பராவுக்குள் ஒரு கோடு, இஸ்தோப்பிலோ ஜன்னல் ஓரத்திலோ மூன்று கோடு. அதற்காக ஸூம் வகுப்புக்குப் பிள்ளைகள் லெப்டொப்பையும் தூக்கிக்கொண்டு குளிரில் வெளியே உட்கார வேண்டியதில்லை. சிக்னல் உள்ள இடத்தில் போன் இருந்தால் போதும். லெப்டொப் உள்ளே மேசையில் இருக்கலாம். இரண்டையும் இணைக்க வைஃபை ஹொட்ஸ்பொட் ஒரு வழி. பலர் தொட்டுப் பார்க்காத இன்னொரு வழி புளூடூத்.

புளூடூத் ஒடுக்கமான பாதை. நடைமுறையில் வினாடிக்கு 1 முதல் 2 மெகாபிட் வரைதான் எதிர்பார்க்கலாம். வகுப்புக்கு அது போதும். ஸூமில் குரலுக்குச் சுமார் 60 முதல் 80 கிலோபிட், ஆசிரியர் பகிரும் திரைக்கும் ஏறக்குறைய அவ்வளவே செலவாகும். உங்கள் கெமராவை நிறுத்திவிட்டால் தாராளமாக ஓடும். வீடியோ பாடங்களைத் தரவிறக்க வேண்டுமென்றால் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறுங்கள். புளூடூத்தின் பெரிய நன்மை பேட்டரி. ஹொட்ஸ்பொட் போனைச் சூடாக்கி வேகமாகக் காலி செய்துவிடும். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போகிற நாட்களில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

செய்யும் முறை இது. முதலில் போனையும் லெப்டொப்பையும் புளூடூத்தில் ஜோடி சேருங்கள் (பெயாரிங்). இரண்டு திரைகளிலும் தோன்றும் 6 இலக்க எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே சம்மதம் கொடுங்கள். பிறகு அண்ட்ரொய்ட் போனின் செட்டிங்ஸில் ஹொட்ஸ்பொட், டெதரிங் (போனின் இணையத்தை வேறு கருவிக்குப் பகிர்வது) உள்ள பக்கத்துக்குப் போய் 'புளூடூத் டெதரிங்' என்பதை ஓன் செய்யுங்கள். அடுத்து விண்டோஸில், மணி காட்டும் மூலையில் உள்ள புளூடூத் சின்னத்தை வலது கிளிக் செய்து 'ஜொயின் எ பெர்சனல் ஏரியா நெட்வேர்க்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். திறக்கும் பக்கத்தில் போனின் சின்னத்தைத் தெரிவு செய்து, 'கனெக்ட் யூஸிங்', அதற்குள் 'அக்சஸ் பொயின்ட்'. வரிசை முக்கியம்: போனில் டெதரிங் முதலில், லெப்டொப் பிறகு. மாறிச் செய்தால் இணைப்புத் தோல்வி என்றே வரும். போனில் புளூடூத்தை ஒருமுறை நிறுத்தினால் டெதரிங்கும் சேர்ந்து நின்றுவிடும். "நேற்று வேலை செய்தது, இன்றைக்கு இல்லை" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

தூரம் 10 மீற்றர் என்று சொல்வார்கள். அது திறந்த வெளிக் கணக்கு. ஒரு கருங்கல் சுவர் குறுக்கே வந்தால் பாதிக்கும் கீழே போகலாம். தகரக் கதவு அதைவிட மோசம். மனித உடலும் புளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹேட்ஸ் அலையை நன்றாக உறிஞ்சும், ஆகவே ஜன்னலுக்கும் மேசைக்கும் நடுவில் ஆள் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூடுபனியைச் சந்தேகிக்க வேண்டாம். இந்தச் சிறு தூரத்தில் அதனால் எந்தக் குறையும் வராது. பனி கெடுப்பது போனின் சார்ஜ் துளையைத்தான். திறந்த ஜன்னலில் இரவு முழுக்க வைத்தால் உள்ளே ஈரம் கோர்க்கும். ஈரம் என்று போன் எச்சரித்தால் காய்ந்த பிறகே சார்ஜ் வயரைக் குத்துங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்து இடி கேட்கத் தொடங்கினால் வயரைக் கழற்றிவிடுங்கள், இணைப்பு பேட்டரியிலேயே ஓடட்டும்.

இனி ஹெட்போன். "பாட்டுக் கேட்டால் அருமை, ஸூமுக்குள் போனால் கிணற்றுக்குள் இருந்து கேட்பது போல" என்ற முறைப்பாடு அடிக்கடி வருகிறது. ஹெட்போன் கெட்டுப்போகவில்லை. வழக்கமான புளூடூத் ஹெட்போன் இரண்டு முறைகளில் வேலை செய்கிறது. கேட்பதற்கு மட்டும் என்றால் நல்ல ஸ்டீரியோ ஒலி. அதன் மைக்கைப் பயன்படுத்திய உடனே தொலைபேசித் தரத்து ஒற்றை ஒலிக்கு இறங்கிவிடும். தீர்வு எளிது: ஸூமில் மைக்காக லெப்டொப்பின் மைக்கையும், ஸ்பீக்கராக ஹெட்போனையும் தெரிவு செய்யுங்கள். விண்டோஸ் 10இல் ஒரே ஹெட்போன் இரண்டு பெயரில் தெரிந்தால், 'ஹேண்ட்ஸ் ஃப்ரீ' என்பதை விட்டு 'ஸ்டீரியோ' என்பதை எடுங்கள். டெதரிங்கும் ஹெட்போனும் ஒரே நேரத்தில் புளூடூத்தில் ஓடினால் இரண்டும் ஒரே ரேடியோவைப் பங்கிட்டுக்கொண்டு திக்கும். அந்த நேரத்தில் சாதாரண வயர் ஹெட்போன்தான் நல்லது.

ஃபைல் அனுப்புவதில் வேறொரு சிக்கல். போனிலிருந்து லெப்டொப்புக்கு அனுப்பினால் 'தோல்வி' என்று வருவதற்குக் காரணம், விண்டோஸ் தானாக வாங்கிக்கொள்ளாது. முதலில் அதே புளூடூத் சின்னத்தில் 'ரிசீவ் எ ஃபைல்' என்பதைத் திறந்து வைத்துவிட்டு, பிறகு போனிலிருந்து அனுப்புங்கள். 100 மெகாபைட் போக ஏழு நிமிடமாவது பிடிக்கும். பாடக் குறிப்பு, படிவம், சில படங்கள் என்றால் சரி, வீடியோவுக்கு யூஎஸ்பி வயரோ, கூகிளின் குயிக் ஷெயார் செயலியோ எடுங்கள். ஐபோன் இந்த வழியில் ஃபைல் அனுப்பாது. டவுனில் பிரின்ட் எடுக்கக் கடைக் கணினியுடன் போனை ஜோடி சேர்த்தால், வேலை முடிந்ததும் இரு பக்கத்திலும் அந்த ஜோடியை அழித்துவிட்டு வாருங்கள்.

லெப்டொப்பில் புளூடூத் இல்லாவிட்டால் டொங்கிள், அதாவது யூஎஸ்பி துளையில் குத்தும் சிறு புளூடூத் கருவி, வாங்கலாம். பொருத்தும் இடத்தில் கவனம் தேவை. உள்ளே நீல நிறமாக இருக்கும் துளைகள் பெரும்பாலும் யூஎஸ்பி 3. அதில் ஹார்ட் டிஸ்க் ஓடும்போது எழும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹேட்ஸிலேயே விழுகிறது. இன்டெல் 2012இல் இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. மவுஸ் துள்ளுவதற்கும் ஒலி அறுவதற்கும் இது போதுமான காரணம். டொங்கிளை எதிர்ப்பக்கத்து யூஎஸ்பி 2 துளைக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு மீற்றர் நீட்டிப்பு வயரில் தள்ளி வையுங்கள். அந்த வயர் ஜன்னல் பக்கம் நீண்டால் டெதரிங்குக்கும் உதவும். உள்ளேயே ஒரு பழைய புளூடூத் இருந்தால் விண்டோஸின் டிவைஸ் மனேஜரில் (கணினியின் கருவிகளைப் பட்டியலிடும் பக்கம்) அதை நிறுத்துங்கள். விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒன்றோடுதான் ஒழுங்காக வேலை செய்யும்.

பெட்டியில் புளூடூத் 5.3 என்று அச்சிட்ட எல்லாமே 5.3 அல்ல. டிவைஸ் மனேஜரில் டொங்கிளின் 'அட்வான்ஸ்ட்' பக்கத்தைத் திறந்தால் எல்எம்பி என்று ஒரு எண் இருக்கும், உண்மையான புளூடூத் பதிப்பை அது சொல்லும். 6 என்றால் 4.0, 8 என்றால் 4.2, 9 என்றால் 5.0, 12 என்றால் 5.3. முடிந்தால் கடைக் கணினியிலேயே குத்திப் பாருங்கள். 6 காட்டினால் பில்லை எழுத விடாமல் திருப்பிக் கொடுங்கள்.